எலுமிச்சம்பழச் சனி

“இந்த வருஷம் சனியைக் காட்டியிருக்கவே கூடாதுங்க. வளையம் முழுசா விரியிற 2032 வரைக்கும் பொறுத்திருக்கணும்.” நண்பர் ஒருவர் சொன்னது இது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு இருபது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டிய ஆசிரியர். போன கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து டெலஸ்கோப்பில் சனிக் கோளைக் காட்டினேன். அவரும் வந்திருந்தார். பிள்ளைகள் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக ஆரம்பித்தார். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பார்வைதான் எல்லாம். வளையத்தோடு சனியைப் பார்த்த பிள்ளை ஆயுசுக்கும் வானத்தைப் பார்க்கும். வளையம் இல்லாத சனியைப் பார்த்த பிள்ளை “இதுக்குத்தானா மாடி ஏறினோம்” என்று இறங்கிவிடும், அப்புறம் வியாழனுக்குக் கூப்பிட்டாலும் வராது. இதுதான் அவர் கட்சி.

அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. மாடிக்கு வந்திருந்த பெற்றோர் பாதிப் பேர் முகத்தில் அதே குறை இருந்தது. ஒருவர் வாய்விட்டே கேட்டார்: “வளையம் எங்க சார்? லென்ஸ் ஏதும் சின்னதா?” இன்னொருவர் காசினி விண்கலம் எடுத்த படத்தைக் கைபேசியில் திறந்து டெலஸ்கோப்புக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார். நான் ஏதோ போலிச் சரக்கு விற்றதுபோல எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் பெரியவர்களின் ஏமாற்றம் அன்றைக்கே எனக்கு மறந்துவிட்டது. இன்றைக்கு வரைக்கும் மண்டையைக் குடைவது பிள்ளைகள் வரைந்து கொடுத்துவிட்டுப் போன தாள்கள். அவற்றைப் பற்றி நண்பரிடம் அன்று சரியாகப் பேச வரவில்லை. இப்போது கொஞ்சம் வருகிறது.

மேலூர் வரைக்கும் ஓர் அட்டை

வளையம் எங்கே போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சனி ஏறத்தாழ 27 டிகிரி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது. வளையமும் அதே சாய்வில்தான் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை வருஷம். அந்தச் சுற்றில் இரண்டு கட்டத்தில் வளையத்தின் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பி நிற்கும். 2009இல் அப்படி நின்றது. பிறகு மெல்ல விரிந்து 2017 அக்டோபரில் முழு அகலத்துக்குத் திறந்தது. அங்கிருந்து வருஷா வருஷம் குறுகி, 2025 மார்ச் 23 அன்று மறுபடி விளிம்புக்கு வந்தது. அன்றைக்குச் சனி சூரியனுக்கு ஒட்டினாற்போல இருந்ததால் யாராலும் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. அப்புறம் லேசாகத் திறந்து, பூமி இடம் மாறியதில் திரும்பவும் ஒடுங்கி, நவம்பர் கடைசியில் அரை டிகிரிக்கும் குறைவான சாய்வில் நின்றது. நாங்கள் மாடி ஏறியது அந்தச் சமயத்தில்.

விளிம்பு திரும்பினால் காணாமலே போகும் அளவுக்கு அது அவ்வளவு மெல்லிசா என்று கேட்டால், ஆமாம். முக்கிய வளையங்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 2,73,000 கிலோமீட்டர். தடிமன் பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் கணக்கு, மூன்று மாடி வீட்டு உயரம். இரண்டையும் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பாருங்கள். மதுரையிலிருந்து கிட்டத்தட்ட மேலூர் வரைக்கும் விரித்துப் போட்ட ஓர் அட்டை, தடிமன் ஒரு மில்லிமீட்டர். இதைத்தான் நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம்.

இதற்கெல்லாம் கோடைக்கானல் போகவேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோடைக்கானல் ஆய்வகம் 1899இல் தொடங்கியதிலிருந்து பார்த்துவருவது சூரியனை. சனிக்கு இருட்டுக்கூட அவசியமில்லை. மாட்டுத்தாவணிப் பக்கத்து விளக்கெல்லாம் சேர்ந்து வானத்தைச் சாம்பல் நிறமாக்கி வைத்திருக்கிற எங்கள் பக்கத்திலும் அது கண்ணுக்குத் தெரியும். கார்த்திகைச் சாயங்காலம் ஏழு மணிக்கு, யானைமலைக்கு மேலே, ஏறத்தாழ உச்சி வானத்தில் மினுக்காமல் நின்றது. சித்திரை, வைகாசியில் என்றால் வெயில் குடித்த தளத்திலிருந்து எழும் சூடு படத்தைக் கொதிக்கவிடும். நாலு வாளித் தண்ணீர் ஊற்றி மாடியைக் குளிரவைத்த பிறகுதான் எதையும் பார்க்க முடியும். மழைக்காலத்தில் அந்தத் தொல்லை கிடையாது. மேகம் விலகினால் படம் அசையாமல் நிற்கும்.

தெரியுது மாமா

சின்னப் பிள்ளைக்கு டெலஸ்கோப்பில் எதையாவது காட்ட முயன்றவர்களுக்கு நான் சொல்லப்போவது புதுசில்லை. ஆறு வயசுப் பிள்ளைக்கு ஒற்றைக் கண்ணை மூட வராது. இரண்டையும் சேர்த்து மூடும், அல்லது மூக்கைச் சுருக்கிக்கொண்டு இரண்டையும் திறந்தே வைத்திருக்கும். உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லவேண்டும். இன்னொரு கை சும்மா இருக்காது, கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸைப் பிடிக்கும். பிடித்தால் சனி ஓடிவிடும். அதனால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொல்வேன். என்னிடம் இருப்பது ஆறு அங்குலக் கண்ணாடி வைத்த நீளக் குழாய். உச்சி வானத்தைப் பார்க்கும்போது ஐபீஸ் பெரியவர் நெஞ்சு உயரத்துக்குப் போய்விடும். பிள்ளையை முக்காலியில் ஏற்றவேண்டும், முக்காலி ஆடும், தோளைப் பிடித்துக்கொள்ளவேண்டும். இத்தனையும் முடிவதற்குள் பூமி சுழன்று சனி ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். குழாயை விரலால் தள்ளித் தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் பிள்ளைகளின் மரியாதை. “தெரியுதா?” என்று கேட்டால் “தெரியுது” என்று சொல்லிவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, மாமா இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார், இல்லை என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கு நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்ணை வைத்த வேகத்தில் “வளையம் சூப்பரா தெரியுது மாமா!” என்று கத்தினான். சந்தேகப்பட்டுக் குனிந்து பார்த்தேன். ஐபீஸில் வளையம் மட்டுமா, சனியே இல்லை. அது எப்போதோ ஓரம் தாண்டிப் போயிருந்தது.

அதனால்தான் தாள் கொடுப்பது. பார்த்துவிட்டு வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, “என்ன பாத்தியோ அதை வரை” என்று மாடிப்படி விளக்கடியில் உட்காரவைத்தேன். வந்த தாள்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. நல்ல வட்டம், அதைச் சுற்றிச் சாய்வாக ஓர் அகலமான வளையம், வளையத்துக்குள் இரண்டு மூன்று கோடு. ஒரு பெண் அடியில் ‘சனி – வளையக் கோள்’ என்று தலைப்பே எழுதிவிட்டாள். வகுப்பறைச் சுவரில் தொங்கும் சூரியக் குடும்ப சார்ட்டிலிருந்து ஒரு சனியைப் பிய்த்து ஒட்டியதுபோல் இருந்தது. அன்று டெலஸ்கோப்பில் அப்படி எதுவும் இல்லை. மெல்லிசாக ஒரே ஒரு கோடு மட்டும் இருந்தது. பொய் சொல்லவேண்டும் என்று அவர்கள் வரையவில்லை. கண் வைத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு படம் உட்கார்ந்திருந்தது, அதையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் அதே படத்தைத் தேடி, கிடைக்காமல் கோபப்பட்டார்கள்.

ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி. எதிர்வீட்டுப் பாப்பா, ஒண்ணாம் வகுப்பு. அவளுக்குச் சனி என்றால் அப்பத்தாவோடு சனிக்கிழமை கோயிலுக்குப் போய் எள் தீபம் போடுவது, காக்காய்க்குச் சோறு வைப்பது, சேட்டை பண்ணினால் வாங்கும் வசவு. சார்ட்டெல்லாம் அவள் வகுப்புக்கு இன்னும் வரவில்லை. அவள் முறை வந்ததும் முக்காலியில் ஏறி, கண்ணைப் பொத்தி, கையைப் பின்னால் வைத்துக்கொண்டு பார்த்தாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் நின்ற பையன்கள் “போதும் இறங்குத்தா” என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் குழாயை நகர்த்திக் கொடுத்துக்கொண்டே, “என்ன தெரியுது?” என்றேன்.

“எலுமிச்சம்பழம்.”

“அப்புறம்?”

“சூலத்துல குத்தியிருக்கு மாமா.”

பாண்டி கோயிலுக்குப் போகாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழம் அவளுக்கு நித்தம் பார்க்கிற காட்சி. அவளை இறக்கிவிட்டு நான் பார்த்தேன். வெளிர் மஞ்சளில் ஓர் உருண்டை, அதன் இரண்டு பக்கமும் ஊடுருவி வெளியே நீட்டிய கம்பி. எத்தனையோ தடவை சனியைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அப்புறம் எனக்கு வேறு எப்படியும் தெரியவில்லை.

தாளில் அவள் வரைந்தது இன்னும் விசேஷம். உருண்டையை வட்டமாகப் போடவில்லை, கம்பி போகிற திசையில் கொஞ்சம் நீட்டி, எலுமிச்சம்பழம் மாதிரியே போட்டிருந்தாள். மேலோட்டமாகப் பார்த்தால் பிள்ளைக் கை கோணல் என்று தோன்றும். ஆனால் சனி அப்படித்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய கோள், நம் பூமியை ஒன்பதரை தடவை வரிசையாக அடுக்கவேண்டிய அகலம், பத்தரை மணி நேரத்துக்கு ஒரு தடவை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. அந்த வேகத்தில் நடுப்பகுதி பிதுங்கிவிடுகிறது. நடுவில் அகலம் 1,20,536 கிலோமீட்டர். துருவத்துக்குத் துருவம் அதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. வளையம் விரிந்திருக்கும் வருஷங்களில் இந்தச் சப்பை கண்ணுக்கு எளிதில் படாது, வளையம் கவனத்தை இழுத்துக்கொள்ளும். விளிம்பு திரும்பிய வருஷத்தில்தான் பளிச்சென்று தெரியும். சார்ட்டைப் பார்த்த பிள்ளைகள் யாருக்கும் அது படவில்லை.

உருண்டையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி வேறு வைத்திருந்தாள். “இது என்ன?” என்றேன். “அங்கிட்டு ஒண்ணு இருந்துச்சுல்ல” என்றாள், நான் கவனிக்காததுபோல. அது டைட்டன். 1655இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் கண்டுபிடித்த நிலா, புதன் கோளைவிடப் பெரியது. 2005 ஜனவரியில் அவர் பெயரைத் தாங்கிய கலம் ஒன்று அங்கே போய் இறங்கியது. வளையத்தைத் தேடிய கண் எதற்கும் அந்தப் புள்ளி தட்டுப்படவில்லை.

காக்கா எங்க உக்காரும்

அப்புறம் கேள்வி நேரம். அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருவன் “சனி ஒரு வாயுக் கோள்” என்று பாடம் ஒப்பித்தான். வாயு என்றால் என்ன என்று பாப்பா கேட்டாள். “கேஸ்டி” என்றான். “சிலிண்டர் கேஸா? அப்ப பத்திக்குமா?” நல்ல கேள்வி. சனி பெரும்பாலும் ஹைட்ரஜன், மிச்சத்தில் பெரும்பகுதி ஹீலியம். ஹைட்ரஜன் எரியக்கூடியதுதான், ஆனால் எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும், அங்கே அது கிடையாது. தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி நடக்கும்போது கையை விட்டால் மேலே போய்விடுகிற பலூன் விற்பார்களே, அதற்குள் அடைக்கும் சரக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் என்றேன். அது எல்லாருக்கும் பிடித்துப்போனது.

தரை இல்லையா, எங்கே நிற்பது என்று அடுத்த கேள்வி. நிற்க இடம் கிடையாது, இறங்க இறங்க கேஸ் கெட்டியாகிக்கொண்டே போகும், சூடும் ஏறும் என்றேன். பாப்பா யோசித்தாள். “அப்ப காக்கா எங்க உக்காரும்?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சிரிக்காமல் இருந்தேன், அதுவே பெரிசு.

வளையம் எதனால் ஆனது என்று கேட்டபோது ஐஸ் என்றேன். பெரும்பாலும் தண்ணீர் உறைந்த கட்டி, தூசி அளவிலிருந்து வீடு அளவு வரைக்கும். உருகாதா என்றார்கள். அங்கே குளிர் மைனஸ் 160 டிகிரிக்கும் கீழே. நடுவில் நண்பர் புகுந்து, சனியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்று சொல்லிவைத்தார். பொது அறிவுப் புத்தகம் எல்லாவற்றிலும் இருக்கும் இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு நெடுநாள் எரிச்சல். சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, 0.69, அது சரி. ஆனால் கேஸ் உருண்டையைத் தொட்டியில் மிதக்கவிடுவது என்றால் என்ன அர்த்தம்? பிள்ளைகள் உடனே வண்டியூர்த் தெப்பக்குளம் பத்துமா என்று விவாதத்தில் இறங்கிவிட்டார்கள். கோள் போய்க் குளம் வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் பாப்பாவைக் கூட்டிப்போக அவள் அப்பத்தா மாடி ஏறி வந்தார். தெருவே அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடும். எதைப் பார்க்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் முகம் மாறிவிட்டது. பாப்பா இன்னொரு தடவை பார்க்க முக்காலியில் ஏறியிருந்தாள். “ஏ பாப்பா, நேருக்கு நேரா பாக்காத. சாஞ்சு பாரு.” சனி சந்நிதியில் நேரெதிரே நிற்கக்கூடாது, ஒதுங்கி நின்று கும்பிடவேண்டும் என்கிற வழக்கம் யாருக்கும் தெரிந்ததுதான். நான் அப்பத்தாவோடு வழக்காடப் போகவில்லை. “அப்பத்தா சொல்ற மாதிரியே பாரு. சனியைப் பாக்காம அதுக்குப் பக்கத்துல இருக்கிற இருட்டைப் பாரு” என்றேன்.

வானம் பார்ப்பவர்கள் எல்லாரும் செய்கிற வேலை அது. கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ஏற்றது. மங்கலான வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்கள் ஓரத்தில்தான் அதிகம். மங்கலான ஒன்றைப் பார்க்கவேண்டும் என்றால் அதை நேராகப் பார்க்கக்கூடாது. கொஞ்ச நேரத்தில் “இன்னொரு புள்ளி இருக்கு” என்று பாப்பா சொன்னாள். ராத்திரி கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளைத் திறந்து சரிபார்த்தேன். அவள் காட்டிய இடத்தில் ரியா இருந்தது. 1672இல் காசினி என்ற வானியலாளர் கண்டுபிடித்த நிலா. அப்பத்தா சொன்ன காரணம் வேறு, எனக்குத் தெரிந்த காரணம் வேறு. இரண்டையும் முடிச்சுப் போட்டு ‘முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல’ என்று ஃபார்வர்டு தயாரிக்க எனக்கு ஆசையில்லை. அந்த வேலையை வரிசையில் நின்ற ஒருவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்: திருநள்ளாறு மேலே போகும்போது நாசா செயற்கைக்கோள் மூன்று வினாடி நின்று போகிறதாம். பூமியைத் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போவதால்தான் விழாமல் இருக்கிறது, நின்றால் அவ்வளவுதான். பிள்ளைகள் முன்னால் இதைச் சொல்ல அவர் வெட்கப்படவேண்டும் என்று நினைத்தேன்.

அப்பத்தாவிடம் கணக்கு இருந்தது. ராசிக்கு ரெண்டரை வருஷம், பன்னெண்டு ராசிக்கு முப்பது. “முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்ல, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்ல. எனக்கு இது மூணாவது சுத்துய்யா.” ஒரு கோளின் ஆண்டை இத்தனை சுளுவாகச் சொல்லும் பாடம் எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நாள் விஷயத்தில் பஞ்சாங்கங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில் 2026இல்தான் பெயர்ச்சி என்று அறிவித்தது. சுற்றின் நீளம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். நானும் என் பங்குக்கு ஒன்றைச் சொன்னேன்: வளையம் முழுசாக விரிந்தது 2017இல், மூடிக்கொண்டது 2025இல், நடுவில் ஏழரை வருஷம். முப்பதில் கால்வாசி என்றால் ஏழரை வந்துதானே ஆகவேண்டும். அப்பத்தா அசரவில்லை. “ஏழரைன்னா அப்படித்தான். இருக்கிறதையும் காணாமப் பண்ணிரும்” என்றார். டெலஸ்கோப் பக்கம் வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

கலிலியோவுக்கும் கிடைக்காத மார்க்

வாரக்கணக்கில் அந்தத் தாள்கள் என் மேசையிலேயே கிடந்தன. நண்பரிடம் சொல்ல நினைத்தது இதுதான். 1610இல் கலிலியோ முதன்முதலாகச் சனியை டெலஸ்கோப்பில் பார்த்தபோது வரைந்தது மூன்று உருண்டை: நடுவில் பெரிசு, இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் சின்னது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் பக்கத்து உருண்டைகளைக் காணோம். 1612, வளையத்தின் விளிம்பு திரும்பிய சமயம். ரோமானியப் புராணத்தில் சனி தன் பிள்ளைகளையே விழுங்குகிறவர்; இதுவும் பிள்ளைகளை விழுங்கிவிட்டதா என்று கடிதத்தில் எழுதினார். 1616இல் வரைந்த படத்தில் இரண்டு பக்கமும் காது முளைத்திருக்கிறது. எதற்கும் விளக்கம் தெரியாது அவருக்கு. தெரியாமலே, ஒவ்வொரு தடவையும் கண்ணில் பட்டதை மட்டும் வரைந்துவைத்தார். அது வளையம் என்று ஹைகன்ஸ் புத்தகமாக எழுதி வெளியிட்டது 1659இல், இங்கே திருமலை நாயக்கர் ஆட்சி முடிந்த அதே வருஷம். ஏறத்தாழ ஐம்பது வருஷத்துப் படங்கள், உருண்டையும் காதும் கைப்பிடியுமாகக் கோணல் மாணலாக வரைந்தவை, ஒன்றோடொன்று ஒத்துவராமல் கிடந்ததால்தான் அந்த விளக்கம் வந்தது. எல்லாரும் ஒரே சார்ட்டைப் பார்த்து வரைந்திருந்தால் ஒத்துவராமை எங்கிருந்து வந்திருக்கும்?

இதைச் சொன்னபோது நண்பர் சிரித்தார். “சரிங்க. ஆனா எலுமிச்சம்பழம் வரைஞ்சா பரீட்சையில யாரு மார்க் போடுவா? கலிலியோவுக்கே நான் சைபர்தான் போட்டிருப்பேன்.” அவர் குறும்பாகச் சொன்னாலும் அது உண்மை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு சனியை ஏற்றுக்கொள்ள எந்த ஆசிரியராலும் முடியாது. நானும் சார்ட்டைக் கிழிக்கச் சொல்லவில்லை. காசினி விண்கலம் 2004 முதல் 2017 வரைக்கும் அங்கே சுற்றி எடுத்த படங்களைப் போல அழகான படங்கள் உலகத்தில் குறைவு. பிள்ளைகள் அவற்றைப் பார்க்காமல் வளரவேண்டும் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். எனக்கு வேண்டியது வரிசை மாறுவதுதான். முதலில் ஐபீஸ், அப்புறம் வெள்ளைத் தாள், அப்புறம் சார்ட். அந்த வரிசையில் வருகிற பிள்ளைக்கு வளையம் இல்லாத வருஷம் ஏமாற்றம் தராது, ஏனென்றால் அது எதையும் எதிர்பார்த்து வரவில்லை. வரிசை தலைகீழானால் 2032இல், வளையம் முழு அகலத்தில் நிற்கும்போது காட்டினாலும், கைபேசியில் இருப்பதைவிடச் சின்னதாக இருக்கிறதே என்றுதான் சொல்லும். 2017இல் அப்படிச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நண்பருக்கு விட்டுக்கொடுக்கிறேன். எட்டு, பத்து வயசுப் பிள்ளைகளுக்கு இது காலம் கடந்த யோசனை. அவர்கள் தலையில் வளையம் ஏறிவிட்டது, இறக்க முடியாது. அவர்களிடம் நேராகவே சொல்லிவிடலாம்: சார்ட்டில் இருக்கிற வளையம் இன்றைக்கு இருக்காது, ஏன் என்று கண்டுபிடியுங்கள் என்று. அப்படிச் சொல்லியிருந்தால் அந்த நாலாம் வகுப்புப் பையன் இன்னும் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருப்பானோ என்னவோ. ஒண்ணாம் வகுப்புக்கு எதையும் சொல்லவேண்டாம். அவர்கள் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டால் போதும்.

2025 மார்ச்சில் மட்டும் சனிக்கு 128 புது நிலாக்களை அங்கீகரித்தார்கள். மொத்தம் 274 ஆயிற்று. இதைப் பாப்பாவிடம் சொன்னபோது, அங்கே எப்போ அமாவாசை, எந்த நிலாவுக்கு என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். இந்த ஜூனில் இரண்டாம் வகுப்பு. சார்ட் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இப்போது சனி விடிகாலை வானத்தில் இருக்கிறது, பிள்ளைகளை எழுப்பிக் காட்டுகிற நேரமில்லை. 2026 அக்டோபர் 4 அன்று அது சூரியனுக்கு நேர் எதிரே வரும்; அந்திப் பொழுதில் கிழக்கே உதித்து ராத்திரி முழுக்க இருக்கும். வளையமும் கொஞ்சம் திறந்திருக்கும். அதற்கு முந்தின நாள் புரட்டாசிச் சனிக்கிழமை, அன்றைக்கு மாடியில் மறுபடி கூடுவதாகப் பேச்சு. நண்பர் தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார், முதலில் நிலாவைக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு. அன்று நிலா நள்ளிரவுக்குத்தான் உதிக்கும் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சேதி எதிர்வீட்டுக்கும் போய்விட்டது. பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வருகிறேன் என்று அப்பத்தா சொல்லியனுப்பியிருக்கிறார். “முக்காலியெல்லாம் எனக்கு ஆகாது. முதுகு வச்ச நாற்காலியாப் போடச் சொல்லு. சாஞ்சுதானே பாக்கணும்.”